நாலெழுத்துப் பறவை

திரேஸ்புரத்துச் சங்குக் குளியாள் கஸ்பார் 1943 மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கடலுக்குள் இறங்கினான். 1948 பங்குனியில் ஏறி வந்தான். இடைப்பட்ட காலத்தில் சங்கு விலை இரண்டு தடவை ஏறி ஒரு தடவை இறங்கியது, அரிசி கார்டுக்குப் போனது, வெள்ளைக்காரன் கப்பலேறினான். கஸ்பார் இதையெல்லாம் கீழே இருந்தபடியே கேட்டுக்கொண்டான். அவன் செத்துவிட்டதாக ஊரில் யாரும் சொல்லவில்லை. சொல்ல வழியும் இல்லை. இறங்கிப் பார்த்துவிட்டு வந்த குளியாட்கள் எல்லோரும், அவன் ஏழு பாகம், அதாவது ஏழு ஆள் உயரத் தண்ணீருக்கு அடியில் பாறைத் திட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான், கண் திறந்திருக்கிறது, கோபமாக இருக்கிறான் என்றே சொன்னார்கள்.

சங்கு எடுக்கிற தொழில் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். குளியாள் ஒரு கல்லில் கால் வைத்து இறங்குவான். இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனை வள்ளத்தில் இருப்பவன் கையில். விசுவாசப் பிரமாண ஜெபத்தை நிதானமாக ஒரு தடவை சொல்லி முடிக்கிற நேரத்துக்குத்தான் மூச்சு. மூச்சு முடிந்ததும் கீழே இருப்பவன் கயிற்றை இழுப்பான், மேலே இருப்பவன் தூக்குவான். கயிறு பிடிப்பவன் கட்டியவளின் கூடப் பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது இந்தக் கரையின் முறை. சொந்த அண்ணன் தம்பியை நம்பமாட்டார்கள். வீட்டில் பங்கு இருக்கிறது. மனைவியின் அண்ணனுக்கு அப்படி இல்லை. கயிற்றை விட்டால் தாலி அறுப்பது அவன் தங்கை. இதைவிட நல்ல ஜாமீன் எந்தக் கோர்ட்டிலும் கிடையாது. இன்னொரு முறையும் உண்டு. கயிற்றை ஒரு தடவைதான் இழுக்க வேண்டும். இரண்டாவது தடவை இழுத்தால், என் மச்சான் தூங்குகிறான் என்று வள்ளம் முழுக்கக் கேட்கச் சொன்ன மாதிரி. அதற்காகவே பெண்டாட்டியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் இருந்தன. குளியாட்கள் வாழ்க்கை அப்படி ஒன்றும் நீளமானது அல்ல. காதில் ரத்தம் வரும், மூக்கில் ரத்தம் வரும், நாற்பது வயதில் காது போய்விடும். காது கேட்கிற குளியாளுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள், வேலைக்குப் போகாதவன் என்று. இவ்வளவு கஷ்டத்தில் ஒருவனுக்கு மிஞ்சுவது, ஒரே இழுப்பில் தன்னைத் தூக்க மேலே ஒருவன் இருக்கிறான் என்கிற மரியாதை மட்டும்தான். கஸ்பார் அந்த மரியாதையில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிவாதம் உள்ளவன்.

கஸ்பாரின் கயிறு தனராஜ் கையில் இருந்தது. தனராஜின் தங்கை விக்டோரியாவைத்தான் கஸ்பார் கட்டியிருந்தான். தனராஜ் மோசமான ஆள் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து மச்சானை ஆயிரக்கணக்கான தடவை தூக்கியிருக்கிறான், ஒரு தடவையும் தவறியதில்லை. சங்கு சீசன் முடிந்ததும் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போவான். அப்போதெல்லாம் கப்பல் கரைக்கு வராது. மைல் கணக்கில் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். தோணியில் போய்ச் சரக்கு ஏற்றி இறக்க வேண்டும். பெட்டிகளிலும் கப்பலின் பக்கவாட்டிலும் எழுதியிருந்த பெரிய எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து, பக்கத்தில் நின்ற எழுத்தரிடம் கேட்டுக் கேட்டு, அவன் இங்கிலீஷ் சேர்த்துக்கொண்டான். வின்ச், கீல், பாலஸ்ட், ஆங்கர் என்று அவனுக்கு வந்ததெல்லாம் கனமான சொற்கள், தோளில் ஏற்றி இறக்கக்கூடியவை. விக்டோரியா கன்னியாஸ்திரிகள் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். அவளிடம் இருந்தது மெர்சி, மீக், சாலிஸ், ஸெயின்ட் என்று சாம்பிராணி மணக்கும் சொற்கள். ஒரே வீட்டில் பிறந்த அண்ணனிடமும் தங்கையிடமும் இருந்த இந்த இரண்டு இங்கிலீஷும் ஒன்றையொன்று பார்க்காமலேயே போயிருக்கும், அய்யாக்குட்டி அண்ணாச்சி மட்டும் தன் கடையில் குறுக்கெழுத்துப் போட்டிக் கூப்பன் விற்காமல் இருந்திருந்தால்.

அய்யாக்குட்டி உடன்குடிப் பக்கத்திலிருந்து கருப்பட்டி வியாபாரத்துக்கு வந்து கடை போட்டவர். உலகச் சண்டை தொடங்கிய வருஷத்திலிருந்து, வடக்கே அச்சாகிற ஒரு இங்கிலீஷ் வாரப் பத்திரிகையைக் கருப்பட்டி வைத்த ஓலைக் கொட்டானுக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவே தொங்கவிட்டார். அதில் வாரா வாரம் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் வரும், பக்கத்தில் குறிப்புகள் வரும். எல்லாக் கட்டத்தையும் சரியாக நிரப்பி அனுப்பினால் முதல் பரிசு மோட்டார் கார், அடுத்தது ரேடியோ, அதற்கடுத்தது தையல் மெஷின். கார் யாருக்கும் வேண்டாம். திரேஸ்புரத்துச் சந்துக்குள் அது நுழையாது. விக்டோரியா தையல் மெஷினில் கண் வைத்தாள். அண்ணனும் தங்கையும் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தால், மேலிருந்து கீழே அவன் ஒரு சொல் வைப்பான், இடமிருந்து வலமாக அவள் ஒரு சொல் வைப்பாள், இரண்டும் ஒரு எழுத்தில் சந்தித்துக்கொள்ளும். சந்தித்த இடத்தில் இருவரும் சிறு பிள்ளைகளைப் போலச் சிரித்துக்கொள்வார்கள்.

ஆனால் சீக்கிரத்திலேயே அவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்துபோயிற்று. துறைமுகத்து இங்கிலீஷும் கோவில் இங்கிலீஷும் போக, புதிருக்கென்றே தனியாக மூன்றாவது இங்கிலீஷ் ஒன்று இருந்தது. அதை எந்த வெள்ளைக்காரனும் பேசிக் கேட்டதில்லை. எல்க் என்றால் ஒரு மான். எமு என்றால் பறக்காத ஒரு பறவை. ஆஸ்ப் என்றால் ஒரு பாம்பு. ஓக் என்றால் ஒரு மரம். கப்பலில் ஏறி வராத, துரைமார் வேலை ஏவும்போது வாயில் வராத, மூன்று நான்கு கட்டங்களில் உட்காருவதற்காகவே பிறந்த சொற்கள் அவை. விக்டோரியா அவற்றைக் கோழிக்குஞ்சு பிடிப்பதுபோல ஒவ்வொன்றாகப் பிடித்துச் சேர்த்தாள். கொஞ்ச நாளில் தெருவுக்கும் அது ஒட்டிக்கொண்டது. மீன் ஏலம் போடுகிற நெட்டைக் கழுத்துக்காரருக்கு எமு என்று பேர் விழுந்தது. உப்பளத்து நொண்டிக் கழுதையை எல்க் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தது. மாமியாரை ஆஸ்ப் என்று திட்டினால் மாமியாருக்குப் புரியாது என்பதால், அந்தச் சொல்லுக்கு இளம் பெண்கள் மத்தியில் நல்ல கிராக்கி இருந்தது. கஸ்பாருக்கு இதில் ஒன்றும் ஓடாது. கடல் உப்பில் சிவந்த கண்ணோடு கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி இவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் மட்டும் சொன்னான்.

“மச்சான், நான் கீழ போனா கட்டத்த எண்ணாத. என் மூச்ச எண்ணு.”

எல்லோரும் சிரித்தார்கள். தனராஜ்தான் அதிகம் சிரித்தான்.

அந்த மாசி மாதத்து வாரத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பி ஒரே ஒரு வரிசை பாக்கி நின்றது. கடல் பறவை, வால் கவட்டையாக இருக்கும், நாலெழுத்து. செவ்வாய்க்கிழமை சாயங்கால மெயிலோடு கெடு. விடிந்ததும் வள்ளம் தள்ளுகிற இடத்துக்குக் கஞ்சி வாளியைக் கொண்டுவந்த விக்டோரியா, அண்ணனிடம் வாளியைக் கொடுத்துவிட்டு, “அந்தப் பறவ கெடைக்காம கரைக்கு வந்திராத அண்ணே” என்றாள். வள்ளத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கஸ்பாரும் சிரித்தான். அவள் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. இறங்கப் போகிற குளியாளிடம் பேசக்கூடாது என்பது வழக்கம்.

கடல் தெளிவாக இருந்தது. காற்று இல்லை. கஸ்பார் ஏழெட்டு முறை இறங்கி ஏறியிருப்பான். அடுத்த முறை அவன் இறங்கிய பிறகு ஒரு ஆலா வந்து வள்ளத்தின் முனையில் உட்கார்ந்தது. பிறந்ததிலிருந்து தனராஜ் பார்க்கிற பறவை. அதற்கு வால் கவட்டையாக இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தான். சண்டைக்காக வெளியே ரோந்து சுற்றிய ஒரு சின்னக் கப்பலுக்கு அவன் ஒரு வாரம் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றியிருந்தான். அதன் முன்பக்கத்தில் இதே பறவையை வரைந்து, கீழே பெரிய எழுத்தில் நாலே எழுத்து எழுதியிருந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. டெர்ன். அவனுக்கு அதுவரை வாழ்க்கையில் வராத ஒரு சந்தோஷம் வந்தது. மூட்டைக்கும் கயிற்றுக்கும் வெளியே தனக்கு ஒரு தலை இருக்கிறது என்று தெரிகிற சந்தோஷம். கயிற்றை மடியில் போட்டுவிட்டு, ஈர விரலால் அந்த நாலு எழுத்தையும் வள்ளத்தின் பலகையில் எழுதிப் பார்த்தான். அப்போது மடியில் ஏதோ அசைந்தது. ஈ என்று நினைத்தான். எழுத்து வெயிலில் காய்ந்துபோகும் வரை பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகுதான் ஈ கயிற்றில் உட்காராது என்பது அவனுக்கு உறைத்தது. அலறிக்கொண்டு கயிற்றைத் தூக்கினான். கயிறு வரவில்லை.

பக்கத்து வள்ளத்தில் காயல்பட்டினத்து நூஹு இருந்தார். அந்தக் கரையில் அவரைவிட மூச்சுள்ள ஆள் அப்போது கிடையாது. தனராஜின் சத்தம் கேட்டதும் நூஹு குதித்து இறங்கினார். நேரம் போயிற்று, பிணத்தோடுதான் வருவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். தனியாக வந்தார். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, கஸ்பார் உட்கார்ந்திருக்கிறான் என்றார். முதலில் ஒரு விரலைக் காட்டினானாம், ஒரு தடவை இழுத்தேன் என்று. அப்புறம் மேலே கையைக் காட்டி, உள்ளங்கையை விரித்தானாம், அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று. பிடித்து எழுப்பப் பார்த்ததற்குக் கையைத் தட்டிவிட்டான்.

“ஒன் மச்சான் பிணங்கிக்கிட்டு உக்காந்திருக்கான் தனராசு. பதில் கேக்கான். சொல்லிரு, வந்திருவான்.”

தனராஜ் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசியது மச்சான், கண்ணை மூடிவிட்டேன் என்றான். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கயிறு அவன் கையிலிருந்து ஒரு பாகம் நழுவிப் போயிற்று. நூஹு மறுபடி இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, கஸ்பார் எழுந்து கல்லைத் தூக்கிக்கொண்டு போய்க் கிழக்கே ஆழமான இடத்தில் உட்கார்ந்துவிட்டான் என்றார்.

அன்று சாயங்காலம் தனராஜ் கரைக்கு வந்து தங்கை முன்னால் நின்றபோது அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். விக்டோரியா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்து அழுதாள்.

அதற்குப் பிறகு ஊர் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தது. கயிற்றின் முனையை ஒரு மரக்கட்டையில் கட்டி மிதக்கவிட்டார்கள். துறைமுகத்திலிருந்து கை வின்ச் கொண்டுவந்து தூக்கிப் பார்த்தார்கள், வள்ளம்தான் சாய்ந்தது. மாப்பிள்ளை பிணங்கினால் மச்சான் வேட்டி எடுத்துக் கொடுப்பது வழக்கம் என்பதால், புது வேட்டியில் வெற்றிலை பாக்கும் ஒரு போத்தல் சாராயமும் கட்டி இறக்கினார்கள். வேட்டி மடித்தபடி திரும்ப வந்தது. போத்தலும் மூடி திறக்காமல் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஊருக்கு அவன் கோபத்தின் அளவு தெரிந்தது. பங்குச் சாமியார், உயிரோடிருக்கிறவனுக்கு இறந்தோர் பூசை வைக்க முடியாது என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வராதது பாவத்தில் சேருமா என்று ஆயருக்கு எழுதிக் கேட்டார். ஆயர் யோசிப்பதாக எழுதினார். அரிசி கார்டு வந்தபோது கஸ்பார் பேரைச் சேர்க்கலாமா என்று பிரச்சினை வந்தது. உயிரோடிருப்பதால் சேர்க்க வேண்டும், சாப்பிடாததால் அரிசி கொடுக்கக்கூடாது என்று தாலுகா ஆபீசில் முடிவு செய்தார்கள். துறைமுகத்தார் அந்த மரக்கட்டையைச் சுற்றிப் போகும்படி தோணிகளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

கஸ்பார் சும்மாவும் இருக்கவில்லை. சீசன் தொடங்கியதும் வலைப்பையை இறக்கினால் அது சங்கு நிறைந்து வந்தது, நல்ல முழுச் சங்குகள், ஒன்றிலும் பூச்சி அரிப்பு இல்லை. பை இலேசாக வரும், ஆள்தான் வரமாட்டான். சங்கு ஆபீசில் அதை அவன் பேரில் எழுதி விக்டோரியாவிடம் கூலியைக் கொடுத்தார்கள். அவளுக்குப் பட்டினி வரவில்லை. மற்றக் குளியாட்களின் வீடுகளைவிட அடுப்பு ஒழுங்காகவே எரிந்தது, குடிக்கிறவன் கீழே இருந்ததால். இது அவளுக்குச் சந்தோஷத்தைக் கொடுத்திருக்க வேண்டும். கூலியை வாங்கும்போது ஒவ்வொரு தடவையும் அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தவர்கள், புருஷனை நினைத்து வருத்தப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டார்கள். உயிர்ப்பு ஞாயிறு என்கிற ஈஸ்டருக்கு அவள் கையால் ஒரு சட்டை தைத்துப் பையில் வைத்து இறக்கினாள். சட்டை திரும்பவில்லை. நூஹு போய்ப் பார்த்தபோது போட்டுக்கொண்டிருந்தான்.

சித்திரை முடிவில் விக்டோரியா வீட்டுக்கு ஒரு தையல் மெஷின் வந்தது. அய்யாக்குட்டி அண்ணாச்சிதான் ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். போட்டியில் விழுந்தது என்றதும் தெருவே கூடிப் பார்த்தது. நல்ல காலம், கெட்ட நேரத்தில் ஒரு கை கொடுத்தது என்றார்கள். எந்த வாரத்துப் போட்டி என்று யாரும் கேட்கவில்லை. தனராஜ் மெஷினை இறக்கி உள்ளே வைத்தான். மூட்டை தூக்குகிறவன், அது என்ன பெரிய கனம். இருந்தும் வாசலில் இரண்டு தடவை கீழே வைத்து எடுத்தான். தங்கை முகத்தை அவன் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் கூப்பன் வாங்குவது நின்றது. மூன்றாவது இங்கிலீஷும் நின்றது. தெருவில் யாராவது எமு என்றாலும் எல்க் என்றாலும் விக்டோரியா உள்ளே போய்விடுவாள். கிறிஸ்துமஸுக்கு மெஷினில் ஒரு சட்டை தைத்து இறக்கினாள். அது மடித்தபடி திரும்பி வந்தது. அடுத்த கிறிஸ்துமஸ் சட்டையும் திரும்பி வந்தது. அவள் அவற்றை டிரங்குப் பெட்டியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். அளவு சரியில்லையோ என்று பக்கத்து வீட்டு ஜீவமணி கேட்டதற்கு, அளவெல்லாம் சரிதான் என்று மட்டும் சொன்னாள்.

தனராஜ் இளைத்துப்போனான். சீசனில் தினமும் காலையில் மரக்கட்டைக்குப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். கணக்கில்லாமல் மாதாவுக்கு நேர்ந்துகொண்டான், முட்டி போட்டுக் கோவிலைச் சுற்றினான். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பான். அது பெரிய தப்பாக இருந்திருந்தால் சொல்லியிருப்பான். குடித்திருந்தேன் என்றால் அதில் ஒரு ஆம்பளைத்தனம் இருந்தது. ஊர் நாலு அடி அடித்து மன்னித்திருக்கும். பறவைக்குப் பேர் யோசித்தேன் என்று எந்த மச்சான் எந்த மச்சானிடம் சொல்வான்? அதனால் இரண்டாம் வருஷம், சுறா மாதிரித் தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றான். கயிறு நழுவிற்று. அடுத்த வருஷம் கை மரத்துப்போயிற்று என்றான். இன்னும் நழுவிற்று. கடைசியில், மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன் மச்சான் என்று சொன்னபோது கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது; இன்னொரு கயிற்றை அவசரமாகச் சேர்த்துக் கட்டவேண்டி வந்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று ஆவணி மாதம் நூஹு இறங்கிப் போய்க் கைஜாடையில் சொன்னபோது, கஸ்பார் தலையாட்டினான், கொஞ்சம் சிரித்தான்கூட, ஆனால் எழுந்திருக்கவில்லை. மேலே வந்த நூஹுவுக்குக் காதிலிருந்து தோள் வரை ரத்தம். துண்டால் துடைத்துக்கொண்டு தனராஜிடம் சொன்னார்.

“இதுக்கு மேல என்னால எறங்க முடியாது. எவனாலயும் முடியாது. பக்கத்துலயே பாறத் திட்டு முடிஞ்சு பள்ளம் விழுது. இன்னொரு பொய் சொன்னா அவன் அதுல போயிருவான். கயிறும் பத்தாது, ஆளும் பத்தாது. பாத்துக்க.”

அதைக் கேள்விப்பட்ட விக்டோரியா பங்குனி வரை பொறுத்திருந்தாள். கடல் தெளிந்த ஒரு காலையில் கரைக்கு வந்து அண்ணனின் வள்ளத்தில் ஏறினாள். சங்கு வள்ளத்தில் பெண் ஏறினால் கடல் கலங்கிப்போகும் என்பார்கள். வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஓடிவந்து இறங்கச் சொன்னார்.

“எனக்குக் கடலு கலங்கித்தான் கெடக்கு சம்மாட்டியாரே. இனிமே கலங்க என்ன இருக்கு?” என்றாள். அவர் ஒதுங்கிக்கொண்டார்.

வள்ளத்தில் அண்ணன், தங்கை, நூஹு மூவர்தான். மரக்கட்டையில் ஆலாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வள்ளம் பக்கத்தில் போனதும் எழுந்து தலைக்கு மேலே சுற்றின. தனராஜ் அவற்றைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். விக்டோரியாவும் அவன் கைக்கு முன்னால் கயிற்றில் கை வைத்தாள். “சொல்லுண்ணே” என்றாள்.

“மச்சான்,” என்றான் தனராஜ், “நான் ஆலாவப் பாத்துக்கிட்டிருந்தேன். அந்தப் போட்டியில கேட்டிருந்தான், நாலெழுத்து. அதுக்கு வெள்ளக்காரன் வச்ச பேரு கெடச்சுது. அந்தச் சந்தோசத்துல ஒங் கயித்த மடியில போட்டுட்டேன். நீ இழுத்தது தெரிஞ்சுது மச்சான். ஈன்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்.”

கயிறு தொய்ந்தது. நூஹு கலிமா சொல்லிக்கொண்டே கை கொடுத்தார். கயிறு பாகம் பாகமாக வள்ளத்துக்குள் சுருண்டு விழுந்தது. பாதிக் கயிறு வந்ததும் நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. நூஹு எட்டிப் பார்த்தார். கஸ்பார் நடுத்தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். முடி மேலே அலைந்தது. முகத்தை நிமிர்த்தி வள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தனராஜைப் பார்க்கவில்லை.

தனராஜ், எல்லாத்தையும் சொல்லிட்டேனே மச்சான், எல்லாத்தையும் சொல்லிட்டேனே என்று அழுதான். விக்டோரியா அவனைப் பேசாமலிருக்கச் சொன்னாள். அவளுக்குத் தெரியும். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

“அன்னைக்குச் சாயங்காலம் அண்ணன் வந்து நின்னப்போ, அவுக எங்கன்னு கேட்டேன். அண்ணன் வாயிலருந்து மொதல்ல வந்தது அந்தப் பறவ பேருதான். அப்பவே எனக்கு எல்லாம் புரிஞ்சிபோச்சு. வெளிய ஊரே மாரடிச்சிக்கிட்டு நிக்கி. நான் உள்ள போயி அந்தக் கட்டத்த நெரப்புனேன். இனிமே நீங்க வரமாட்டீகன்னு நெனச்சேன். தனியா என்னத்த வச்சுப் பொழைக்கன்னு நெனச்சேன். கண்ணுல தண்ணி வந்துது, கை நடுங்கல. நாலெழுத்தையும் அழகா எழுதுனேன். மெயிலுக்கு ஆள அனுப்பிட்டுத்தான் வந்து அழுதேன்.”

தனராஜ் தங்கையைப் பார்த்தான். மெஷின் வந்த நாளுக்குப் பிறகு அவள் முகத்தை அவன் நேராகப் பார்த்தது அப்போதுதான். பிறகு, கயிற்றில் ஆளே இல்லை என்பதுபோல அது இலேசாயிற்று. மூவரும் சேர்ந்து தூக்கினார்கள். கஸ்பார் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து, எப்போதும் ஏறுவதுபோல ஒரு காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தான். இறங்கிய அன்றைக்கு இருந்தபடியே இருந்தான். உயிர்ப்பு ஞாயிற்றுச் சட்டை உடம்போடு ஒட்டி, பாசி பிடித்திருந்தது. முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்டான். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பறவைக்கு வெள்ளைக்காரன் என்னதான் பேர் வைத்திருக்கிறான் என்று கேட்டான்.

தனராஜ் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். விக்டோரியாதான் சொன்னாள். “டெர்ன்.”

கஸ்பார் தலையைத் தூக்கி, மேலே சுற்றிக்கொண்டிருந்த பறவைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். “ஆலா நல்லாத்தான இருக்கு” என்றான். அந்த விஷயத்தைப் பற்றி அவன் பேசியது அவ்வளவுதான்.

கரையில் பெரிய ஆரவாரம் ஒன்றும் இல்லை. வருகிற ஆள்தானே வந்திருக்கிறான் என்று இருந்தார்கள். பங்குச் சாமியார் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிட்டு, விட்டுப்போன ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிக் கேட்டார். கோவில் மணி கீழே நன்றாகக் கேட்டது, அந்தந்த நேரத்துக்கு முட்டி போட்டேன் என்றான் கஸ்பார். அவர் ஆயருக்கு இன்னொரு கடிதம் எழுதி, கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டார். தாலுகா ஆபீசில் அந்த மாதத்திலிருந்து அவனுக்கும் அரிசி போட்டார்கள். விக்டோரியா மெஷினை விற்றுவிடலாமா என்று கேட்டதற்கு, எதுக்கு, ஓடட்டும் என்றான். டிரங்குப் பெட்டியைத் திறந்து, திரும்பி வந்த சட்டைகளை எடுத்து, மேலே இருந்ததிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளத் தொடங்கினான். பாச்சை உருண்டை வாசனையோடு அவன் தெருவில் போவதைப் பார்த்துவிட்டு விக்டோரியா குசினிக்குள் போய் முகத்தை மூடிக்கொள்வாள்.

அடுத்த சீசனில் கஸ்பார் மறுபடி சங்குக்கு இறங்கினான். கயிறு யார் கையில் என்று வள்ளத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கயிற்றின் முனையை எடுத்துத் தனராஜிடம் கொடுத்தான். விக்டோரியாவின் கூடப் பிறந்தவன் வேறு யாரும் இல்லை. கல்லில் கால் வைத்து இறங்கினான். அவனுக்கு மூச்சு முடிந்தபோது கயிறு ஒரு தடவை இழுபட்டது. அந்த அசைவு முடிவதற்குள் தனராஜ் தூக்கத் தொடங்கிவிட்டான். தூக்கிக்கொண்டிருக்கும்போதே, கஸ்பார் பாதித் தண்ணீருக்கு வந்துவிட்ட பிறகு, கயிறு இரண்டாவது தடவை இழுபட்டது. வள்ளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஏறி வந்த கஸ்பார் சங்கைக் கொட்டிவிட்டு, மச்சான் வெத்தல இருக்கா என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். அவன் குரலில் கோபம் எதுவும் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவன் இரண்டு தடவை இழுத்தான். கொஞ்ச காலத்தில் மற்றவர்களும் அப்படியே இழுக்கப் பழகிவிட்டார்கள். இப்போது திரேஸ்புரத்தில் இரண்டு இழுப்புதான் முறை. அதில் அவமானம் ஒன்றும் இல்லை, அதுதான் பத்திரம் என்று புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். தனராஜ் அதை மறுத்ததில்லை. தலைக்கு மேலே ஆலா கத்தினாலும் அண்ணாந்து பார்க்காமல், முதல் இழுப்பிலேயே தூக்கத் தொடங்கிவிடுகிறான். இரண்டாவது இழுப்பு வரும்போது, ஒவ்வொரு தடவையும், தலையைக் குனிந்துகொள்கிறான்.